கிளிக் சத்தத்தை எவ்வளவு நம்பலாம்?

ஓசூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் தன் காரின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அவர் ஏதாவது ஒரு அசெம்பிளி லைனில் வேலை பார்ப்பவராகவோ பார்த்தவராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். 1970களில் சிப்காட் வந்தது. 1980-இல் டிவிஎஸ் 50 இங்கிருந்து புறப்பட்டது. அசோக் லேலண்ட் லாரியும் டைட்டன் கடிகாரமும் இங்கேதான் உருவாகின்றன. இப்போது ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா என்று மின்சார ஸ்கூட்டர்களும் சேர்ந்துவிட்டன. கனரக லாரியின் சக்கர நட்டுக்கு ஐந்நூறு, அறுநூறு நியூட்டன் மீட்டர் வரை முறுக்கம் (டார்க்) வேண்டும். கடிகாரத்துத் திருகாணிக்கு ஒரு நியூட்டன் மீட்டரில் நூறில் ஒரு பங்கு போதும். இரண்டையும் அளந்து இறுக்குகிற கைகள் ஒரே ஊரில் இருக்கின்றன.

அதனால்தான் இந்தக் கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. லைனில் டார்க் வைத்து, பெயிண்ட் மார்க்கரால் கோடு போட்ட பிறகுதான் வண்டியை அடுத்த ஸ்டேஷனுக்குத் தள்ளுவார்கள். அதே மனிதர் வீட்டில் எல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று வீல் நட்டை இறுக்குகிறார். மனசு கேட்கவில்லை. ஆன்லைனில் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு, வைத்த அளவு வந்ததும் கிளிக் என்று தட்டுகிற டார்க் ரெஞ்ச் கிடைக்கிறது. தொழிற்சாலையில் பார்க்கும் ஜப்பானிய டோனிச்சி, ஆங்கிலேய நார்பார் ரெஞ்சுகளின் விலையில் இது சிறு பங்குதான். வாங்கலாமா, நம்பலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீல் நட்டுக்கு நம்பலாம், நீங்களே ஒருமுறை சோதித்துப் பார்த்த பிறகு. ஆயில் டிரெயின் பிளக், ஸ்பார்க் பிளக் போன்ற சின்ன வேலைகளுக்கு அதே ரெஞ்சை எடுக்கக் கூடாது. இன்ஜினைத் திறக்கிற வேலைக்கு அது வேண்டவே வேண்டாம். காரணத்தை டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் நீளும்.

நட்டை ஏன் இறுக்குகிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது நட்டின் முறுக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பிடித்து வைப்பது, நட்டு ஏறும் ஸ்டட்டின் இழுவிசை. நட்டைத் திருகத் திருக ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீள்கிறது. நீண்டது பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் விசைதான் சக்கரத்தை ஹப்போடு சேர்த்து அழுத்துகிறது. நமக்கு வேண்டியது அந்த அழுத்தம். ஆனால் ஸ்டட் எவ்வளவு நீண்டது என்று ரோட்டோரத்தில் அளக்க வழியில்லை. அதனால் திருகுவதற்கு எவ்வளவு பலம் கொடுத்தோம் என்பதை அளந்து, இழுவிசை இவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கிறோம். டார்க் ரெஞ்ச் காட்டுவது இந்த ஊகத்தைத்தான்.

இந்த ஊகத்தில் உராய்வு பெரிய பங்கை எடுத்துக்கொள்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கத்தில் ஏறக்குறைய பாதி நட்டின் அடிப்பரப்பு உரசுவதில் போய்விடும். இன்னொரு நாற்பது சதவீதம் த்ரெட்டுகள் ஒன்றோடொன்று உரசுவதில் போகும். மிஞ்சும் பத்து சதவீதம்தான் ஸ்டட்டை இழுக்கிறது. போல்ட் பற்றிய எந்தப் பொறியியல் பாடமும் இதைச் சொல்லும். கேட்கிறபோது நம்ப முடியாமல் இருக்கும், ஆனால் முழு விஷயத்தின் சாவி இதுதான். உராய்வில் சிறு மாற்றம் வந்தாலும் அந்தப் பத்து சதவீதம் பெரிதாக ஆடிவிடும்.

எண்களில் பார்ப்போம். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் காய்ந்த, சுத்தமான த்ரெட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் ஏறக்குறைய 42 கிலோ நியூட்டன் இழுவிசை கிடைக்கும். நான்கு டன்னுக்குச் சற்று மேல். அதே ஸ்டட்டில் துருப் பிடிக்காமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தோடு கிரீஸ் தடவிவிட்டு அதே 100-க்கு இறுக்கினால் 55 கிலோ நியூட்டனைத் தொட்டுவிடலாம். 8.8 தர 12 மில்லிமீட்டர் போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கக்கூடிய எல்லை ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, துருவும் மண்ணும் ஏறிய த்ரெட்டில் ரெஞ்ச் 100-இல் கிளிக் வைக்கும், ஆனால் சக்கரத்தின் மேல் விழும் அழுத்தம் பாதியாகவே இருக்கலாம். மூன்று தடவையும் ரெஞ்ச் சொன்னது சரி. மூன்று தடவையும் கிடைத்த பிடிப்பு வேறு வேறு.

இதை வைத்துப் பார்த்தால், ரெஞ்ச் நான்கு சதவீதம் பிசகுமா ஆறு சதவீதம் பிசகுமா என்ற சண்டை எவ்வளவு சின்னது என்று தெரியும். நல்ல ரெஞ்சை வைத்து இறுக்கினாலும் போல்ட்டுக்கு போல்ட் இழுவிசை இருபத்தைந்து, முப்பது சதவீதம் வரை மாறலாம் என்பது பொறியாளர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. கார் வடிவமைப்பவர்கள் இந்த ஏற்ற இறக்கத்தை மனத்தில் வைத்துத்தான் அளவைக் குறிக்கிறார்கள். ஆகவே இரண்டாயிரம் ரூபாய் ரெஞ்ச் வாங்குகிறவர் அதோடு ஒரு கம்பி பிரஷ்ஷும் வாங்கட்டும். ஸ்டட்டின் த்ரெட், நட்டு உட்காரும் குழி, ஹப்பும் சக்கரமும் ஒட்டும் முகம் ஆகிய மூன்றையும் துடைத்துச் சுத்தம் செய்வது, இரண்டாயிரம் ரூபாய் ரெஞ்சுக்குப் பதில் இருபதாயிரம் ரூபாய் ரெஞ்ச் வாங்குவதைவிட அதிகப் பலன் தரும். எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், கார் கம்பெனியே தடவச் சொல்லியிருந்தால் தவிர.

நட்டின் வடிவத்தையும் பாருங்கள். பெரும்பாலான கார்களில் நட்டின் முனை கூம்பாக இருக்கும். ஹோண்டாவில் உருண்டையாக இருக்கும். சில அலாய் சக்கரங்களுக்குத் தட்டை வாஷர் வைத்த நட்டு. ஒன்றின் குழியில் இன்னொன்றை மாட்டினால் தொடுகிற பரப்பு ஒரு கோடளவுக்குச் சுருங்கிவிடும். அப்புறம் எந்த அளவில் இறுக்கியும் பயனில்லை. வெளியில் அலாய் வாங்கி மாட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள்.

பெரிய கம்பெனிக்கும் இந்த இடம் எளிதல்ல. 2022 ஜூனில் டொயோட்டா தன் புதிய மின்சாரக் காரான பிஇசட்4எக்ஸை உலகம் முழுக்கத் திரும்ப அழைத்தது. ஏறக்குறைய 2,700 வண்டிகள். ஹப் போல்ட்டுகள் ஓட ஓடத் தளர்ந்து சக்கரமே கழன்றுவிடும் அபாயம் இருப்பதாக அந்தக் கம்பெனியே அறிவித்தது. உலகத்துக்கே அசெம்பிளி ஒழுங்கைச் சொல்லிக்கொடுத்த கம்பெனி அது. சக்கரத்துக்கும் போல்ட்டுக்கும் இடையிலான உறவை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது ரெஞ்சுக்கு வருவோம். கையால் இயக்கும் டார்க் கருவிகளுக்கான உலகத் தரம் ஐஎஸ்ஓ 6789. உச்ச அளவு 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகிற கிளிக் ரெஞ்சுகளுக்கு அது அனுமதிக்கும் பிசகு கூடுதலாகவோ குறைவாகவோ நான்கு சதவீதம். அதைவிடச் சின்ன ரெஞ்சுகளுக்கு ஆறு சதவீதம். மலிவு ரெஞ்சின் பெட்டியிலும் இதே நான்கு சதவீதம் அச்சாகியிருக்கும். அது பொய் என்று சொல்லமாட்டேன். பல மலிவு ரெஞ்சுகள் புதிதாக இருக்கும்போது அந்த எல்லைக்குள்ளோ அதற்குச் சற்று வெளியிலோதான் இருக்கும். ஸ்பிரிங்கை அழுத்தி, குறிப்பிட்ட விசையில் ஒரு சின்னக் கட்டையைத் தட்டிவிடும் அந்த இயந்திரம் எளிமையானது. அதைப் புதிதாக இருக்கும்போது சரியாகச் செய்வது கஷ்டமில்லை.

கூடுதல் விலை வேறு இடங்களில் வேலை செய்கிறது. ஸ்பிரிங் பல வருடம் தளராமல் இருப்பது, அளவை வைக்கும் திருகில் ஆட்டம் இல்லாமல் இருப்பது, கைப்பிடியின் பூட்டு தானாக நழுவாமல் இருப்பது, உள்ளே உரசும் பரப்புகள் வழவழப்பாக இருந்து ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் தட்டுவது. இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். எப்போதும் ஐந்து சதவீதம் அதிகம் காட்டுகிற ரெஞ்சோடு வாழ்ந்துவிடலாம், குறைத்து வைத்துக்கொண்டால் போதும். ஒரு தடவை கூடுதல், ஒரு தடவை குறைவு என்று அலைகிற ரெஞ்சை என்ன செய்தும் திருத்த முடியாது.

பெட்டியில் எழுதாத இன்னொன்று உண்டு. அந்த நான்கு சதவீத வாக்குறுதி ரெஞ்சின் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்துதான் பொருந்தும். தரச் சோதனையும் இருபது, அறுபது, நூறு சதவீதம் என்று மூன்று இடங்களில்தான் நடக்கிறது. 210 வரை போகும் அரை இஞ்ச் ரெஞ்சாக இருந்தால் 42-க்குக் கீழே அது என்ன சொன்னாலும் யாரும் பொறுப்பில்லை. அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் ஸ்பார்க் பிளக்குக்கு 25-லிருந்து 30 வரைதான் வேண்டும். 10 மில்லிமீட்டர் பிளக்குக்கு 10-லிருந்து 12. அரை இஞ்ச் ரெஞ்சின் தண்டில் 28 என்று கோடு இருக்கிறதே என்று பிளக்கை அதில் இறுக்குவார்கள். அந்தக் கீழ் அளவில் கிளிக் மெல்லியதாக இருக்கும், கைக்குத் தெரியாமல் போகும், இழுத்துக்கொண்டே இருப்பார்கள். அலுமினிய த்ரெட் அப்படித்தான் போகிறது. டிரெயின் பிளக் த்ரெட் ஸ்லிப் ஆகி ஆயில் சொட்டிக்கொண்டு லேத் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் ஒரு பங்கு இந்த வகை. வீட்டுக்கு ஒரே ரெஞ்ச் என்றால் அது சக்கரத்துக்கு மட்டும். சின்ன வேலைகளும் செய்வீர்கள் என்றால் 100-க்குள் முடிகிற 3/8 இஞ்ச் ரெஞ்ச் ஒன்று தனியாக வேண்டும்.

சோதிப்பது எப்படி? இதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. தெரிந்த எடையைத் தெரிந்த தூரத்தில் தொங்கவிட்டால் அதுவே தெரிந்த முறுக்கம்.

இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை நிரப்பி, மளிகைக் கடை மின்னணுத் தராசில் நிறுத்திக்கொள்ளுங்கள். முத்திரை போட்ட தராசாக இருக்கட்டும். கேனும் கயிறும் சேர்ந்து 20.6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சிட்கோ ஷெட்டுகளிலோ தெருமுனை வெல்டிங் பட்டறையிலோ மேசையோடு உறுதியாகப் பூட்டிய வைஸ் இருக்கும், கேட்டால் தருவார்கள். பெரிய போல்ட் ஒன்றை, தலை பக்கவாட்டில் நிற்கும்படி வைஸில் இறுக்குங்கள். அந்தத் தலையில் சாக்கெட்டை மாட்டி ரெஞ்சைக் கிடைமட்டமாக நிறுத்துங்கள். எடை இழுக்கும் திசை இறுக்கும் திசையாக இருக்க வேண்டும். சாக்கெட்டின் நடுவிலிருந்து கைப்பிடியின் நடு வரை அளந்தால் 42 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் கேனைக் கட்டினால் 20.6 ஐ 9.81 ஆல் பெருக்கி 0.42 ஆல் பெருக்க வேண்டும். 85 நியூட்டன் மீட்டர். பல சின்னக் கார்களின் வீல் நட்டு அளவு இந்த இடத்தைச் சுற்றித்தான் இருக்கிறது என்பதால் சோதனைக்கும் தோதான அளவு.

ரெஞ்சின் சொந்த எடையும் கொஞ்சம் இழுக்கும். ரெஞ்சை ஒரு விரல் மேல் நிறுத்தி, எங்கே சாயாமல் நிற்கிறதோ அந்த இடம் சாக்கெட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 1.2 கிலோ ரெஞ்ச், 20 சென்டிமீட்டர் என்றால் இன்னும் இரண்டரை நியூட்டன் மீட்டர் சேரும். மொத்தம் 87 என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ரெஞ்சை உச்ச அளவுக்குப் பக்கத்தில் வைத்து மூன்று, நான்கு முறை கையால் கிளிக் வைத்துவிடுங்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் பரவும். பிறகு 75-இல் வைத்துக் கேனை மெதுவாக விடுங்கள். கிளிக் வரும். கேனைத் தூக்கி, அளவை இரண்டிரண்டாக ஏற்றி, மறுபடி விடுங்கள். எந்த அளவில் கிளிக் வராமல் தொங்குகிறதோ அதற்கு முந்தையதுதான் உங்கள் ரெஞ்சுக்கு 87 என்று பொருள். கேன் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டாம், கால் அதன் அடியில் இருக்கவே கூடாது. ரெஞ்ச் பத்து டிகிரி சாய்ந்தால் ஒன்றரை சதவீதம் பிசகும், ஆகவே கிடைமட்டம் முக்கியம். தூரத்தை அரை சென்டிமீட்டர் தப்பாக அளந்தால் இன்னொரு சதவீதம். இந்த வீட்டுச் சோதனைக்கு இரண்டு மூன்று சதவீதம் பிசகு உண்டு என்று ஒப்புக்கொண்டு, அளவு 80-க்கும் 94-க்கும் நடுவில் வந்தால் வீல் நட்டுக்குச் சரி என்று நான் ஏற்பேன். இதை மூன்று தடவை செய்யுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று இரண்டு நியூட்டன் மீட்டருக்குள் வந்தால் நல்ல ரெஞ்ச். ஒன்று 80, ஒன்று 92 என்று வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் திருப்பும் நாள் முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

கைப்பிடியின் நடுவில் கட்டச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கிளிக் ரெஞ்சின் உள்ளே தட்டும் அச்சு, சாக்கெட்டின் நடுவில் இல்லை. அதற்கு நாலைந்து சென்டிமீட்டர் பின்னால் தண்டுக்குள் இருக்கிறது. ரெஞ்ச் உணர்வது அந்த அச்சைச் சுற்றிய முறுக்கத்தை, நட்டுக்குப் போவது சாக்கெட்டைச் சுற்றிய முறுக்கம். கைப்பிடியின் நடுவில்தான் பிடிப்பார்கள் என்று வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துத்தான் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். இடம் போதவில்லை என்று கையை முன்னால் தள்ளி, 42 சென்டிமீட்டருக்குப் பதில் 25-இல் பிடித்தால் அதே கிளிக்குக்கு நட்டில் ஏறக்குறைய எட்டு சதவீதம் அதிகம் விழும். பின்னால் குழாய் செருகி நீட்டினால் குறையும். தரம் அனுமதிக்கும் பிசகைப்போல் இரண்டு மடங்கு பிசகு, வெறும் கை வைக்கும் இடத்தில். விலை உயர்ந்த ரெஞ்சிலும் இதே கதைதான்.

வேகமும் அப்படித்தான். வெடுக்கென்று இழுத்தால் கிளிக் கேட்பதற்குள் கை தாண்டிப்போயிருக்கும். கிளிக் வந்த பிறகு "இன்னொன்று பாதுகாப்புக்கு" என்று மறுபடி அழுத்துவதும் கூடுதல் இறுக்கம்தான். மெதுவாக, ஒரே இழுப்பாக, கிளிக் வந்ததும் விட்டுவிட வேண்டும். அளவை வைக்கும்போது எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நன்றாகக் கீழே இறக்கி மறுபடி ஏற்றுங்கள், திருகின் ஆட்டம் அப்போதுதான் ஒரே பக்கம் நிற்கும். கழற்றுவதற்கு இதை எடுக்காதீர்கள், துருப் பிடித்த நட்டு ரெஞ்சின் உச்சத்தைத் தாண்டிவிடும். வேலை முடிந்ததும் தண்டில் உள்ள மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே முழுக்கத் தளர்த்திவிட வேண்டாம். 120-இல் வைத்தபடி மாதக்கணக்கில் டிக்கியில் கிடக்கும் ரெஞ்சின் ஸ்பிரிங் சோர்ந்துபோகும். மலிவு ரெஞ்சில் அது சீக்கிரமே நடக்கும்.

சொல்ல ஆசைப்படும் இன்னொரு கருவி, தண்டு வளைந்து முள் அளவு காட்டுகிற பழைய வகை ரெஞ்ச். பீம் டைப் என்பார்கள். கிளிக் கிடையாது, பூட்டு கிடையாது, தளர ஸ்பிரிங் கிடையாது. முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தாலே அதன் உடல்நிலை பெருமளவுக்குத் தெரிந்துவிடும். முள் விலகியிருந்தால் வளைத்துச் சரிசெய்யலாம். நேராக நின்று முள்ளைப் பார்க்க வேண்டும் என்பதுதான் சிரமம். கையில் பணம் குறைவு, பொறுமை அதிகம் என்றால் மலிவு விலைக் கிளிக் ரெஞ்சைவிட மலிவு விலை பீம் ரெஞ்சையே நான் சிபாரிசு செய்வேன்.

தொழிற்சாலையில் காலிப்ரேஷன் ஸ்டிக்கர் ஒட்டாமல் ரெஞ்சைத் தொடவிடமாட்டார்களே, வீட்டில் மட்டும் எப்படி என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வேறு ஒழுங்குமுறை இல்லாத இடத்தில் 5,000 கிளிக் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மறுசோதனை என்று ஐஎஸ்ஓ 6789 சொல்கிறது. ஒரு ஷிப்டில் எண்ணூறு போல்ட் இறுக்குகிற ரெஞ்ச் ஒரு வாரத்தில் 5,000-ஐத் தொட்டுவிடும். வீட்டில் நான்கு சக்கரத்துக்குப் பதினாறு நட்டு, வருடத்துக்கு ஐந்தாறு தடவை என்றாலும் நூறு கிளிக்தான் ஆகும். தேய்மானம் அங்கே பிரச்சினை இல்லை, கிடந்து கெட்டுப்போவதுதான் பிரச்சினை. வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் கேன் சோதனை போதும்.

முறையான சான்றிதழ்தான் வேண்டும் என்றால் என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எல்லைக்கு அப்பால் பெங்களூரு தும்கூர் சாலையில் சிஎம்டிஐ, நம் பக்கம் கோயம்புத்தூரில் சிடார்க் போன்ற நிறுவனங்கள் அளவியல் வேலைக்குப் பேர்போனவை. எந்த ஆய்வகமானாலும் அதன் அங்கீகாரப் பட்டியலில் டார்க் கருவிகள் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வரும் சான்றிதழில் உங்கள் ரெஞ்சின் சீரியல் எண், ஒவ்வொரு அளவிலும் எடுத்த வாசிப்புகள், அளவீட்டின் ஐயப்பாடு, புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போகிற தொடர்ச்சி எல்லாம் இருக்க வேண்டும். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அச்சுத்தாளில் சீரியல் எண் இல்லை என்றால் அதைச் சான்றிதழாக எண்ண வேண்டாம். காலிப்ரேஷன் கட்டணம் மலிவு ரெஞ்சின் விலையோடு ஒப்பிட்டால் கணிசமான தொகை, ஆகவே வீல் நட்டுக்காக மட்டும் அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கணிப்பு.

பழைய சாமான் கடையில் நல்ல கம்பெனி ரெஞ்ச் கண்ணில் பட்டால் கை நீளும். எந்தத் தொழிற்சாலையும் நன்றாக இருக்கும் ரெஞ்சைச் சும்மா கழிக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேன் சோதனையில் தேறினால் வாங்கலாம்.

பிசகான ரெஞ்சைவிடப் பெரிய ஆபத்து ஒன்று தண்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. பல மலிவு ரெஞ்சுகளில் ஒரு பக்கம் நியூட்டன் மீட்டர், மறுபக்கம் அடி பவுண்ட். 100-ஐத் தப்பான பக்கத்தில் வைத்தால் 136 நியூட்டன் மீட்டர் விழும். பழைய மேனுவல்களில் கிலோ மீட்டரில், அதாவது கிலோகிராம் விசை பெருக்கல் மீட்டரில் எழுதியிருப்பார்கள். 8.5 என்று போட்டிருந்தால் அதைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நியூட்டன் மீட்டர். 8.5 நியூட்டன் மீட்டர் என்று படித்து இறுக்கினால் சக்கரம் கழன்றுவிடும். எண்ணைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பாருங்கள். அந்த எண்ணும் உங்கள் வண்டியின் கையேட்டிலிருந்து வரட்டும். சின்னக் கார்களுக்குப் பொதுவாக 85-லிருந்து 120 வரை என்று சொல்லலாம், ஆனால் உங்கள் மாடலுக்கு எது என்பதைக் கையேடுதான் சொல்ல வேண்டும்.

இன்ஜின் ஹெட் போல்ட்டை வேண்டாம் என்றேன். இன்றைய இன்ஜின்களில் பலவற்றுக்கு முதலில் ஒரு குறைந்த டார்க், பிறகு தொண்ணூறு டிகிரி, மறுபடி தொண்ணூறு டிகிரி என்று கோணத்தில் திருகுவார்கள். உராய்வின் ஏமாற்றைத் தவிர்க்கத்தான் அந்த முறை. போல்ட் தன் நெகிழ்வு எல்லை வரை நீட்டப்படுகிறது, பல இன்ஜின்களில் அதே போல்ட்டை மறுபடி போடக் கூடாது. வரிசை தப்பினாலோ தொடக்க டார்க் தப்பினாலோ கேஸ்கெட் போய்விடும். பிரேக் காலிப்பர் போல்ட்டை வீட்டில் இறுக்கலாம், அளவும் பெரும்பாலும் நடுத்தர ரெஞ்சுக்குள் அடங்கும், ஆனால் சோதித்த ரெஞ்சோடு மட்டும். மின்சார வண்டியின் உயர்மின்னழுத்த பேட்டரி இணைப்புகளைத் தொடாதீர்கள். அங்கே டார்க்கைவிட உயிர் முதலில்.

பஞ்சர் கடையில் ஏர் கன் வைத்துத் திருகிய சக்கரத்தை வீட்டில் வந்து ரெஞ்ச் வைத்துப் பார்க்கிறார்கள். உடனே கிளிக் வருகிறது, சரியாக இருக்கிறது என்று திருப்தியாகிவிடுகிறார்கள். கிளிக் சொல்வது "குறைந்தது இவ்வளவு இருக்கிறது" என்பதை மட்டும். நட்டு 200-இல் இறுகியிருந்தாலும் 100-இல் வைத்த ரெஞ்ச் உடனே கிளிக் வைக்கும். ஒரு நட்டு 200, பக்கத்து நட்டு 90 என்று இருந்தால் டிஸ்க் ரோட்டர் லேசாகக் கோணலாகி, பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கலாம். ஆகவே ஜாக்கியில் ஏற்றத் தேவையில்லாமல், சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி, அளவுக்கு இறுக்குங்கள். ஒன்றை முடித்த பிறகு அடுத்தது. சக்கரத்தைப் புதிதாக மாட்டும்போது ஒன்றுக்கு எதிரே உள்ளது, பிறகு அடுத்த ஜோடி என்று மாற்றி மாற்றி, முதலில் பாதி அளவுக்கு, பின் முழு அளவுக்கு இறுக்குங்கள்.

மாட்டிய பிறகு 50-லிருந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை பார்க்க வேண்டும், முக்கியமாக அலாய் சக்கரத்துக்கு. பெயிண்ட், துருத் துகள் எல்லாம் அழுந்தி உட்காரும்போது ஸ்டட்டின் இழுவிசை கொஞ்சம் குறையும். ஓசூரில் மாட்டிவிட்டு சூளகிரி வழியாக கிருஷ்ணகிரி போனால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அங்கே போனதும் உடனே ரெஞ்சை எடுக்காமல் சக்கரமும் ஹப்பும் ஆறட்டும். பிறகு அதே அளவில் ஒவ்வொரு நட்டிலும் வைத்துப் பாருங்கள். நகராமல் கிளிக் வந்தால் போகலாம். சிறிது நகர்ந்து கிளிக் வந்தால் அடுத்த நூறு கிலோமீட்டரில் மறுபடி பாருங்கள். ஒரே நட்டு இரண்டாவது முறையும் நகர்ந்தால் அந்த ஸ்டட்டோ நட்டின் குழியோ போய்விட்டது என்று பொருள், அதை மாற்றாமல் நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம்.